இறுக மறுத்த ஆறு

அமலோற்பவம் ஊற்றிய ஆறு மூன்றாம் நாள் காலையிலும் இறுகவில்லை என்பதை முதலில் கண்டது எதிர்வீட்டுப் பேச்சிக்கனிதான். மாவு வாங்கிப்போன தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், பட்டறை மேசையில் கிடந்த ஆறடிக்கு நாலடிப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்கிற குரலில், "ஏளா அமலி, உன் ஆத்துல தண்ணி ஓடுது" என்றாள்.

அமலோற்பவம் ஒரு கடைவாய்ப் பொய்ப்பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அது தண்ணி இல்லக்கா, ரெசின். காய நேரமாகுது."

"காயுதோ காயலையோ, வேப்பிலைத் துணுக்கு ஒண்ணு பாலத்துக்கு அடியில போயி அந்தப் பக்கம் வந்துருச்சு. நான் பாத்துட்டுத்தான் நிக்கேன்."

அமலோற்பவம் பல்லை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். வந்துதான் இருந்தது. வடமேற்கு மூலையில் மலையடிவாரத்தில் தொடங்கி, தீப்பெட்டி உயரக் கோட்டையைச் சுற்றி, இரண்டு வளைவு வளைந்து, தென்கிழக்கு ஓரத்தில் அவள் அணையாக ஒட்டியிருந்த ரோஸ் நிற மெழுகுப் பட்டைவரை நாலு விரல் அகலத்தில் தண்ணீர் ஓடியது. மெழுகில் முட்டியது, ஆனால் பொங்கவும் இல்லை, வழியவும் இல்லை. எங்கே போகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பனையடிப்பட்டியில் ஒன்பது நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கிற ஊர் இல்லை அது, பிடிக்கக் குடம் எங்கே என்று கேட்கிற ஊர்.

அமலோற்பவத்துக்குத் தொழில் பல் கட்டுவது. டவுனில் இருக்கிற பல் டாக்டர்கள் வாய் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பிளாஸ்டரில் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை வரிசையாக நட்டு, அக்ரிலிக் அடைத்து வேகவைத்துக் கொடுப்பாள். ஊரில் பாதிக் கிழவர்கள் இவள் பல்லால்தான் சிரிக்கிறார்கள், இவள் பல்லால்தான் இவளையே பொல்லாப்புப் பேசுகிறார்கள். அந்த வேலையின் ஓரத்தில் இன்னொரு வேலை வந்து ஒட்டிக்கொண்டது. வசதியான பெரிய மனிதர்கள் சிலர் விரல்நுனி உயரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய யுத்தங்களைத் திரும்ப ஆடுகிறார்கள். பகடை உருட்டி, டேப் பிடித்து அளந்து, குதிரை இத்தனை அங்குலம் போகலாம், பீரங்கி இத்தனை அங்குலம் சுடலாம் என்று சட்டம் பேசி, சாப்பாட்டை மறந்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு மலையும் வயலும் ஊரும் கொண்ட பலகை வேண்டும். பல்லில் மஞ்சளும் கறையும் அசல் போலக் கொண்டுவரத் தெரிந்த கைக்குப் பாறையில் பாசி பூசுவது பெரிய காரியமில்லை. அதிலும் அமலோற்பவத்தின் தண்ணீர் பேர்போனது. ஆழத்துக்குக் கரும்பச்சையும் கரையோரத்துக்கு வெளிர்மண்ணும் பூசி, கண்ணாடி போல இறுகும் ரெசினையும் அதை இறுக்கும் மருந்தையும் இரண்டுக்கு ஒன்று கலந்து, குமிழி வராமல் மெல்லக் கிண்டி, மெலிசு மெலிசாக நாலு தடவை ஊற்றி, கடைசித் தடவை இறுகுவதற்குள் ஸ்ட்ரா வைத்து ஊதி அலை எழுப்புவாள். பெங்களூர்க்காரர் ஒருவர் அவள் செய்த ஏரியில் தெரியாமல் காப்பித் தம்ளரைக் கழுவப் போனார் என்று ஒரு பேச்சு உண்டு.

இந்தப் பலகைக்கு மட்டும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

சொன்னவர் கர்னல் துரைக்கண்ணு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் இருப்பவர், சிப்பாய்ப் பொம்மை ஆடுகிற கூட்டத்துக்குத் தலைவர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பனையடிப்பட்டிப் பாளையத்துக்கும் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நடந்த சண்டைதான் அவர் கேட்டது. அதில் பாளையம் தோற்றது. ஏன் தோற்றதென்றால், கோட்டைக்கு அகழி போல ஓடிய சேவலாறு அன்றைக்கு வறண்டு கிடந்தது, செருப்பு நனையாமல் கடந்தோம் என்று கம்பெனித் தளபதி கடிதம் எழுதிவைத்திருக்கிறான். ஆகவே ஆறு வறண்டிருக்க வேண்டும், மணல் தெரிய வேண்டும், வண்டல் வெடித்திருக்க வேண்டும். "ஒரு பொட்டுத் தண்ணி இருக்கக் கூடாதும்மா, வரலாறு அப்படி" என்று கர்னல் போனில் இரண்டு தடவை சொன்னார். ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனிக்காரர்கள் தங்கள் முன்கூடத்தில் வைக்கக் கேட்டிருக்கிறார்கள், அதனால் நேர்த்தியாக இருக்கட்டும் என்றும் சொன்னார்.

அவளும் நேர்த்தியாகத்தான் செய்தாள். அசல் சேவலாற்றுக்கே போய், லாரிக்காரர்கள் விட்டுவைத்த மணலில் இரண்டு கை அள்ளிவந்து, சல்லடையில் சலித்துப் பரப்பினாள். அந்த வாரம்தான் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அப்பாவுக்கு இறப்புச் சான்று கேட்டு அவள் போட்டுவரும் மனுக்களுக்கு வந்த நாலாவது கடிதம் இது. அவள் அப்பா சூசைமுத்து சந்தைக்குச் சந்தை சைக்கிளில் போய்ப் பல்செட் விற்றவர். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகையில், சேவலாறு கரை புரண்ட மத்தியானம், எதிர்க்கரைச் சந்தையிலிருந்து வீடு திரும்ப சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஒன்பது வயது அமலோற்பவம் இந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடு ஆற்றில் சைக்கிள் தெரிந்தது, அப்புறம் சைக்கிளின் சக்கரம் தெரிந்தது, அப்புறம் தண்ணீர்தான் தெரிந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் அவள் அம்மாவுக்கு விதவை உதவி இல்லை, விசாரிக்க வந்த எழுத்தர் பதிவேட்டில் 'வீட்டை விட்டுச் சென்றவர்' என்று எழுதிவிட்டுப் போனார். அவ்வளவுதான், ஊருக்கு அது போதும். தூத்துக்குடியில் ஒரு பொம்பளையோடு இருக்கிறார் என்றார்கள், கொழும்பில் பார்த்தேன் என்றார்கள். அவள் அம்மா பத்தொன்பது வருஷம் பெண்டாட்டியும் இல்லாமல் கைம்பெண்ணும் இல்லாமல் இருந்து செத்தாள். நாலாவது கடிதத்தில் இப்படி இருந்தது: மேற்படி சேவலாறு என்பது கடந்த முப்பது ஆண்டுகளாக நீரோட்டம் இல்லாத நிலம், அதனைத் தரிசு என வகைமாற்றம் செய்யும் விசாரணை ஆடி இருபத்தேழில் நடைபெறவிருக்கிறது, ஆறு அல்லாத இடத்தில் மூழ்கி இறக்க இயலாது என்பதால் மனு தள்ளுபடி.

அமலோற்பவம் அதை மூன்று தடவை படித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பனைக் கொன்ற ஆற்றை இல்லை என்கிறார்கள். அது இல்லையென்று ஆகிவிட்டால் அப்பன் ஓடிப்போனவன்தான், என்றைக்கும் ஓடிப்போனவன்தான். மேசையில் அவள் கையாலேயே செய்த வறண்ட ஆறு, வெடித்த வண்டலோடு, வரலாற்றுக்குப் பொருத்தமாகக் கிடந்தது.

அவள் எழுந்து பெங்களூர் ஏரிக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த ரெசினை எடுத்தாள். அந்தக் கோபத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. பல் வேலையில் பிளாஸ்டர் அச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத்தான் மேல்வேலை தொடங்குவார்கள். ரெசினுக்கோ தண்ணீர் ஜன்ம எதிரி, ஒரு சொட்டு பட்டாலும் பால் போலத் திரிந்துவிடும். இது அவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் தூரிகையைக் குடத்தில் முக்கி, ஆற்றுப் படுகை முழுக்க நனைத்து, அதன் மேல் ரெசினை ஊற்றினாள், அலையும் ஊதினாள். எப்படி ஓடியது என்று இந்தக் கதையைக் கேட்பவர்கள் நோண்டினால் இவ்வளவுதான் சொல்லலாம். மேலே தெரிய வேண்டுமென்றால் ஆற்றிடம் கேட்க வேண்டும்.

ஊர் அந்த ஆற்றை ஒரு வாரத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டது. முதல் நாள் லேசாக ரெசின் வாடை அடித்த தண்ணீர், இரண்டாம் நாளிலிருந்து மழை விழுந்த கரிசல் வாசம் அடித்தது. பேச்சிக்கனி தன் டீக்கடைக்கு ஒரு தம்ளர் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நிறம் நன்றாக இறங்குகிறது என்று சான்று கொடுத்தாள். உடனே வடக்குத் தெருக்காரர்கள் ஆறு தங்கள் பக்க ஜன்னலிலிருந்து தொடங்குவதால் முதல் உரிமை தங்களுக்கு என்றார்கள், தெற்குத் தெருக்காரர்கள் கடைமடை காயக் கூடாது என்றார்கள், இரண்டு தெருவும் ஒரு கமிட்டி போட்டு வீட்டுக்கு ஒரு தம்ளர் என்று தீர்மானம் எழுதின. அள்ளிய தண்ணீர் அள்ளிய இடத்தில் நிறைந்துகொண்டே இருந்தது, ஆனாலும் கமிட்டியில் சண்டை குறையவில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்தது அதோடு போய்ச் சேர்ந்தது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் காப்பரிசியும் கருகமணியுமாக வந்து, கடுகு விதைத்து வளர்த்த முளைப்பாரியைச் சிரட்டையில் வைத்து, பொம்மைச் சிப்பாய் நிற்க வேண்டிய கரையில் இறக்கி, குலவையிட்டார்கள். முப்பது வருஷமாகக் குழாயடியில் கொண்டாடிய பெருக்கு அது. அன்றைக்கு வளைவில் ஒரு விரற்கடை உயர்ந்து ஓடியதைப் பார்த்து நாலைந்து பேர் வாய்விட்டே அழுதார்கள்.

கொசு ஒழிப்புக்காரரும் வந்தார். மூடாத தண்ணீர் என்று நோட்டீஸ் கிழிக்கப் பேனாவை எடுத்தவர், குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓடுற தண்ணியில கொசு முட்டை வைக்காதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு, 'ஓடும் நீர், மருந்து தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அமலோற்பவம் அந்த அட்டையைப் பத்திரமாகப் பிய்த்து எடுத்து வைத்துக்கொண்டாள். சேவலாற்றில் தண்ணீர் ஓடுகிறதென்று சர்க்கார் கை எழுதிய காகிதம் அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆடி இருபதாம் தேதி கர்னல் வந்தார். காரிலிருந்து இரண்டு பெட்டிச் சிப்பாய்களை இறக்கிக்கொண்டு, ஆடிப் பார்த்துத் திருப்தியானபின் பலகையை எடுத்துப்போவதாக ஏற்பாடு. உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்தார், மேசையைச் சுற்றித் தம்ளரோடு நின்ற வரிசையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஆறு சார்."

"நான் வறண்ட ஆறு கேட்டேன்."

"கேட்டீங்க சார்."

கர்னல் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "இதை இறுக வைக்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது சார். அது மாட்டேங்குது."

"வரலாறுன்னு ஒண்ணு இருக்கும்மா. நம்ம இஷ்டத்துக்குத் தண்ணி விட முடியாது. கிடங்குக் கம்பெனிக்காரங்க இதை வெறும் முன்கூடத்துக்குக் கேக்கலை, அந்த ஆத்து நிலத்துல கிடங்கு கட்டக் கேக்குறாங்க. கோட்டாட்சியர் விசாரணையில வைக்கப் போறாங்களாம். இருநூறு வருஷம் முன்னாடியே இது காஞ்ச நிலம்னு காட்டணுமாம். நோட்டீஸ்ல சான்றுப் பொருள் எண் மூணுன்னு இதைப் போட்டே அனுப்பிட்டாங்க."

அமலோற்பவத்துக்கு அப்போதுதான் விஷயம் முழுதும் புரிந்தது. அப்பாவை ஓடிப்போனவராக்கும் விசாரணைக்கு அவள் கையாலேயே சாட்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவள் குரல் உயரவில்லை.

"அந்த ஆத்துல தண்ணியே கிடையாதுன்னா எங்கப்பா எதுல முங்கிச் செத்தாரு சார்? மணல்லயா?"

கர்னல் பட்டாளக்காரர்கள் செய்வதைச் செய்தார், பெட்டியைத் திறந்து படையை அணிவகுத்து நிறுத்தினார். சட்டப்படி ஆடிப் பார்த்துவிடுவோம் என்றார். கோட்டைப் பக்கம் வேல்கம்போடு பாளையத்துக்காரர்கள், எதிர்க்கரையில் சிவப்புச் சட்டைக் கம்பெனி. ஊரே ஜன்னலிலும் வாசலிலும் நெருக்கிக்கொண்டு நின்றது. வறண்ட ஆறு, கடக்கத் தடையில்லை என்று சட்டப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, கர்னல் பத்துச் சிப்பாய்களை ஆற்றில் இறக்கினார். ஆறு அவர்களை வாங்கி, இரண்டு வளைவும் சுற்றிக் காட்டி, மெழுகுப் பட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. குதிரைப்படையை இறக்கினார், அதுவும் போயிற்று. பகடையில் ஆறும் ஆறும் விழுந்தது, தளபதியையே இறக்கினார். ஈயத்தில் வார்த்த தளபதி, தக்கை போல மிதந்து, தொப்பியோடு போனான். பேச்சிக்கனி வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. நாலு மணி நேரம் ஆனபின் எதிர்க்கரையில் சிவப்புச் சட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. பாளையத்துக்காரர்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடி நின்றார்கள்.

கர்னல் மெழுகுப் பட்டையிலிருந்து தன் சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து, துடைத்து, பெட்டியில் அடுக்கினார். பிறகு தன் ஆட்டக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: சேவலாறு பெருக்கில், கடக்க முடியவில்லை, கம்பெனி பின்வாங்கியது.

"இருபது வருஷமா இந்தச் சண்டையை ஆடுறேன்" என்றார். "இன்னைக்குத்தான் ஒண்ணு தோணுது. அந்தத் தளபதி ஜெயிச்ச அன்னைக்குத்தானே கடிதம் எழுதினான். அதுக்கு முன்னாடி எத்தனை நாள் கரையில காத்துக் கிடந்தானோ. அதையெல்லாம் எவன் எழுதுவான்?" எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "பொருள் எண் மூணு விசாரணைக்குப் போயாகணும். நீங்களே கொண்டுட்டு வாங்க. இருக்கிறபடியே."

கிடங்குக் கம்பெனிக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் இரண்டு ஆட்கள் ஒரு மூட்டை சிமென்ட்டோடு வந்து, யாரும் தடுக்குமுன் ஆற்றில் கொட்டினார்கள். அமலோற்பவம் தடுக்கவும் முனையவில்லை. சிமென்ட் கரைந்து, பாலத்துக்குக் கீழே சிறு திட்டாகப் படிந்தது, ஆறு அதை இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் திட்டில் பச்சை பிடித்துவிட்டது, ஊர் அதற்குக் கம்பெனித் திட்டு என்று பேர் வைத்தது.

ஆடி இருபத்தேழு காலை பத்து மணிக்குப் பலகையை எட்டுப் பேர் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், கோட்டாட்சியர் அலுவலக மாடிப்படியில் ஏற்றி, விசாரணை அறையின் நடு மேசையில் வைத்தார்கள். அத்தனை ஆட்டத்திலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. கோட்டாட்சியர் கெட்டவர் இல்லை, களைத்தவர். மேசையில் இருக்கிற காகிதத்தை மாலைக்குள் இன்னொரு மேசைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவர். கிடங்குக் கம்பெனி வக்கீல் அந்தப் பழைய தளபதியின் கடிதத்தைப் படித்தார், முப்பது வருஷக் கணக்கைப் படித்தார், பொருள் எண் மூன்றைக் காட்டப் போனவர் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

கர்னல் எழுந்து தன் குறிப்பேட்டை வாசித்தார். பொம்மை விளையாட்டுக் குறிப்பு ஆவணம் ஆகாது என்றார் கோட்டாட்சியர். அமலோற்பவம் கொசு அட்டையை நீட்டினாள். அறையில் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை அட்டையைக் கீழே இறக்கவில்லை.

"இதோ பாருங்கம்மா" என்றார் கோட்டாட்சியர், தணிவாகத்தான். "உங்க மனுவையும் படிச்சேன். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மேசை மேல ஓடுறதை நான் ஆறுன்னு எழுத முடியாது. ஆறுன்னா தரையில ஓடணும்."

"தரையிலயா சார்?"

"ஆமா, தரையில."

"சரி சார்" என்றாள் அமலோற்பவம். பையிலிருந்து மெழுகு சீவும் கத்தியை எடுத்தாள். ஈறு சீவுகிற கத்தி அது, நுனி மட்டும்தான் கூர். தென்கிழக்கு ஓரத்து ரோஸ் பட்டையின் கீழே நுனியைக் கொடுத்து, தாடையிலிருந்து பல்செட்டைக் கழற்றுகிற பக்குவத்தில், நோகாமல் நெம்பி எடுத்தாள்.

இருபத்துச் சொச்சம் நாள் அந்த மெழுகில் முட்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் எங்கேயும் போயிருக்கவில்லை. மேசையிலிருந்து நாலு விரல் அகலத்தில் விழுந்தது, தரையைத் தொட்டதும் நாலு முழம் ஆனது, வாசலைத் தாண்டுமுன் வாசல் அகலம் ஆனது, மாடிப்படியில் சத்தம் போட்டு இறங்கிக் கீழே பதிவறைக்குள் போய், முப்பது வருஷத்துக் கட்டுகளையும் அதற்கு முந்திய கட்டுகளையும் தூக்கிக்கொண்டு முன்கேட்டுக்கு வந்து, வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்று யாரையும் கேட்காமல், பஸ் நிலையத்தைச் சுற்றி, பனையடிப்பட்டி சாலையைப் பிடித்து, கருவேலங்காட்டைப் பிளந்துகொண்டு, தான் கிடந்த பழைய படுகையில் போய் விழுந்தது. வக்கீலின் பை முதலில் போனது. அவர் பின்னாலேயே போனார், பேன்டை முழங்கால்வரை மடக்கிக்கொண்டு.

கோட்டாட்சியர் காலை நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "நிக்கச் சொல்லுங்கம்மா."

"ஆறு சார் அது. நான் சொன்னா நிக்குமா?"

முழங்கால் தண்ணீரில் எழுத்தர் ஒருவர் நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். அவர் கவலை அவருக்கு. "சார், பதிவறை போச்சு. சேத அறிக்கை இன்னைக்கே அனுப்பணும். காரணம் என்ன சார் போட?"

"குழாய் உடைப்புன்னு போடுங்க."

"சார், நம்ம ஆபீஸ்ல குழாய்ல தண்ணி வந்தே ஒன்பது நாள் ஆச்சு."

"மழைன்னு போடுங்க."

எழுத்தர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஆடி வெயில் கண்ணைக் குத்தியது. கோட்டாட்சியரும் பார்த்தார். காரணம் என்ற கட்டம் நோட்டில் காலியாக இருந்தது. காலியாக விட்டால் முப்பது வருஷக் கட்டுகளுக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் அமலோற்பவத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேனாவை உதறி, தன் கையாலேயே எழுதினார்: சேவலாற்றில் ஏற்பட்ட வெள்ளப்பெருக்கினால். கையெழுத்துப் போட்டார். முத்திரையைத் துடைத்துக் குத்தினார்.

ஜன்னலுக்கு வெளியே பனையடிப்பட்டிப் பெண்கள் குலவையிட்டது மாடிவரை கேட்டது. பேச்சிக்கனியின் குரல் தனியாகத் தெரிந்தது.

அமலோற்பவம் நகரவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருந்த ஐந்தாவது மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அந்தப் பேனா காயுறதுக்குள்ள இதையும் எழுதிருங்க சார்."

அவர் வாங்கினார். "இறந்த இடம்?"

"சேவலாறு."

"காரணம்?"

"இப்பத்தான் எழுதுனீங்களே சார். அதையே எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதிக்கொண்டே, சற்றுச் சங்கடத்தோடு, "முப்பத்தோரு வருஷம் ஆயிருச்சேம்மா" என்றார்.

"ஆமா சார். நீங்கெல்லாம் ஆறு காயட்டும்னு காத்துட்டிருந்தீங்க. நானும் காத்துட்டிருந்தேன்."

மனுவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் மேசையில் கிடந்த மற்றொரு நோட்டைச் சுட்டினாள். விசாரணைக்காக அவள் மனுவோடு எழுத்தர் காலையிலேயே மேலே கொண்டுவந்திருந்த பழைய பதிவேடு அது, அதனால் தப்பித்தது. அவளுக்குப் பக்கம் தெரியும், வரி தெரியும். அவளே புரட்டி விரலை வைத்தாள். சூசைமுத்து, வீட்டை விட்டுச் சென்றவர்.

"இதை அடிங்க சார். நான் பாக்கணும்."

கோட்டாட்சியர் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிந்தது.

"இன்னொரு கோடு" என்றாள் அமலோற்பவம்.